மணிக்கட்டு வலியில்லாமல் எடை தூக்க

ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆனவர்கள் பலர், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அடுத்த செட்டுக்குப் போவதைப் பார்க்கலாம். அதுவரை வெறும் ராடும் சின்ன பிளேட்டும்தான். கை எப்படி மடிந்தாலும் தாங்கியது. இப்போது பெஞ்ச் பிரஸ்ஸில் 40, 50 கிலோ ஏறிவிட்டது. நெஞ்சும் தோளும் அந்த எடைக்குத் தயாராகிவிட்டன. ராடைத் தாங்கும் கை மட்டும் முதல் நாள் பிடித்த மாதிரியே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வலி வந்ததும் "எனக்கு மணிக்கட்டு வீக்" என்று முடிவுகட்டி, மறுநாளே பட்டை வாங்கி இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ராடு உள்ளங்கையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது எடை. அதற்கும் அடுத்ததுதான் பட்டை. பிடி சரியானதும் பலருக்கு வேறெதுவும் தேவைப்படாது.

கையை ஊன்றி விழுந்து அடிபட்டவர்களும் விரல்கள் மரத்துப்போகிறவர்களும் இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். பயிற்சி பிறகு.

## இவ்வளவு தெரிந்தால் போதும்

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே முன்கையின் இரண்டு நீள எலும்புகள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது, கை வழியாக இறங்கும் சுமையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கட்டைவிரல் பக்கத்து எலும்பு வாங்கிக்கொள்கிறது. சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு மெல்லிய குருத்தெலும்பு வட்டு இருக்கிறது. மீதிச் சுமை அதன் வழியே போகிறது. உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கமாகச் செல்கின்றன.

தலையில் குடம் வைத்து நடப்பவர்களின் கழுத்தைக் கவனித்திருப்பீர்கள். கழுத்து நேராக இருக்கும்வரை எடை முதுகெலும்பு வழியாக இறங்கிவிடும். ஒரு பக்கம் சாய்ந்தால் அதே குடம் கனக்கும். ராடுக்கும் இதே கணக்குதான். முன்கை எலும்புகளுக்கு நேர் மேலே ராடு இருந்தால் எடை எலும்பு வழியாக முழங்கைக்குப் போய்விடும். விரல் பக்கமாக 4, 5 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், அந்த எடை மணிக்கட்டைப் பின்னால் மடக்கிக்கொண்டே இருக்கும். பிளேட் ஏற ஏற இந்த இழுப்பும் ஏறும். இனி வரும் முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவைதான்.

## முதலில் உங்கள் பிடியைப் படம் எடுங்கள்

மணிக்கட்டு மடிந்திருப்பது தூக்குகிறவருக்குத் தெரியாது. கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. போன்தான் உதவும்.

1. பெஞ்சில் படுத்து, வெறும் ராடை எடுத்து 5 ரெப்ஸ் செய்யுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் பக்கவாட்டில் நின்று, மணிக்கட்டு உயரத்தில் போனைப் பிடித்து வீடியோ எடுக்கட்டும்.
2. வழக்கமாகத் தூக்கும் எடையில் இன்னொரு 5 ரெப்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். வெறும் ராடில் நேராக இருக்கும் கை, எடை ஏறியதும் மடிவதுதான் பெரும்பாலும் நடப்பது.
3. கால்மாட்டிலிருந்து மூன்றாவதாக ஒன்று எடுக்கட்டும். முழங்கை எங்கே போகிறது என்று இதில்தான் தெரியும்.
4. ராடு நெஞ்சைத் தொடும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். புறங்கை முன்கையோடு சேரும் இடத்தில் தோலில் ஆழமான மடிப்பு விழுந்திருக்கிறதா? ராடு முன்கைக்கு நேர் மேலே இருக்கிறதா, பின்னால் சரிந்திருக்கிறதா? முன்கை தரைக்குச் செங்குத்தாக நிற்கிறதா?

மணிக்கட்டு அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருக்க வேண்டியதில்லை. சற்றே பின்சாய்வு இயல்பானது. சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருக்கும். ஆழமான மடிப்பு விழுவதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

## பெஞ்ச் பிரஸ்: ராடு உட்கார வேண்டிய இடம்

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு முழு நாள் பயிற்சியை ஒதுக்குங்கள். இங்கே கற்றுக்கொள்ளும் பிடி, தள்ளும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கதவைத் தள்ளும்போது உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் மேடு அழுந்துமல்லவா? ராடு தங்க வேண்டிய இடம் அதுதான். விரல்கள் தொடங்கும் இடத்தில் காய்ப்பு விழும் வரிசை ஒன்று இருக்கிறதே, அங்கே ராடு இருந்தால் இடம் தவறு.

1. ஸ்டாண்டில் வெறும் ராடை வையுங்கள். ஒலிம்பிக் ராடு 20 கிலோ. பெண்களுக்கான போட்டி ராடு 15 கிலோ. உங்கள் ஜிம்மில் இருப்பது எது என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டால், பின்னால் எடைக் கணக்கு தவறாது.
2. தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாகக் கைகளை வையுங்கள். ராடு நெஞ்சைத் தொடும்போது முன்கை செங்குத்தாக நிற்கும் அகலமே உங்கள் அகலம். நண்பர் பிடிக்கும் அகலம் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.
3. விரல்களை மூடும் முன், இரண்டு கைகளையும் சற்று உள்பக்கமாகத் திருப்புங்கள். ராடு இப்போது உள்ளங்கையில் குறுக்காக இல்லாமல் சாய்வாகப் படியும்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் முடியும்.
4. அந்த அடிமேட்டை ராடில் நன்றாக அழுத்துங்கள். அழுத்திய பிறகுதான் விரல்கள். முதலில் விரல்களைச் சுற்றிவிட்டு அப்புறம் கையைச் சரிசெய்யப் பார்த்தால் ராடு மறுபடி விரல் பக்கமே போய்விடும்.
5. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையாகச் சுற்றுங்கள். கடைசியாகக் கட்டைவிரல் ராடைச் சுற்றி மறுபக்கம் வந்து விரல்களைப் பூட்ட வேண்டும்.
6. ராடை இறுகப் பிடியுங்கள். தளர்ந்த கைக்குள் ராடு உருளும்; உருண்டால் பின்பக்கம்தான் உருளும்.
7. பின்னால் நிற்பவரின் உதவியோடு ராடை எடுத்து, தோளுக்கு நேர் மேலே கொண்டுவந்து ஒரு நொடி நிறுத்துங்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று உணருங்கள். பிறகு இறக்குங்கள்.

வெறும் ராடில் 10 ரெப்ஸ் வீதம் 3 செட். பிறகு ஒவ்வொரு செட்டுக்கும் 5 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பிடி எந்த எடையில் குலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை. உதாரணமாக 45 கிலோவில் மணிக்கட்டு மடியத் தொடங்கினால், அடுத்த இரண்டு வாரத்துக்கு உங்கள் எடை 40 கிலோ. அதற்கு முன் 60 கிலோ தூக்கியிருந்தாலும் சரி. எண்ணைக் குறைக்க மனம் வராது என்று தெரியும். ஆனால் மடிந்த கையில் தூக்கிய 60 கிலோவை இன்னும் ஆறு மாதம் உங்களால் தூக்க முடியுமா என்பதே சந்தேகம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

கட்டைவிரலை ராடைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைப்பது. இப்படிப் பிடித்தால் ராடு தானாகவே அடிமேட்டில் உட்காரும், மணிக்கட்டு வலியும் குறையும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். குறையலாம். ஆனால் வியர்த்த கையிலிருந்து ராடு நழுவினால் நேராக நெஞ்சிலோ கழுத்திலோதான் விழும். பூட்டாத பிடியில் பெஞ்ச் பிரஸ் செய்யவே கூடாது. மேலே சொன்ன சாய்வுப் பிடியில் கட்டைவிரலைப் பூட்டிக்கொண்டே அதே பயனைப் பெறலாம்.

ஸ்டாண்டின் கொக்கி உயரம் பொருந்தாமல் இருப்பது. கொக்கி மிக உயரமாக இருந்தால் கையை முழுக்க நீட்டி, மணிக்கட்டை மடக்கித்தான் ராடை எடுக்க முடியும்; பயிற்சி தொடங்கும் முன்பே பிடி கெட்டுவிடும். கைகள் சற்று மடங்கிய நிலையில் ராடு எட்ட வேண்டும். முழங்கையை நீட்டினால் கொக்கியைத் தாண்டி வர வேண்டும்.

பஞ்சு வைத்த தடித்த கையுறை. அது ராடைத் தடிமனாக்கி விரல் பக்கம் தள்ளுகிறது. காய்ப்புக்குப் பயந்து போடுகிறவர்கள் மெல்லிய கையுறைக்கு மாறுங்கள்.

கடைசி ரெப் முடிந்ததும் கையைத் தளர்த்திவிட்டு ராடைக் கொக்கியில் வைப்பது. களைத்த கை மடிவது இந்த நேரத்தில்தான். ராடு கொக்கியில் உட்கார்ந்து சத்தம் கேட்கும்வரை பிடி இறுக்கமாகவே இருக்கட்டும்.

## தோளுக்கு மேல் தள்ளும்போது

நின்றுகொண்டு செய்யும் ஷோல்டர் பிரஸ்ஸுக்கும் அதே சாய்வுப் பிடிதான். ராடு கழுத்தெலும்பருகே இருக்கும்போது முழங்கை ராடுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் மணிக்கட்டு உடனே மடியும். இங்கே பெஞ்ச் பிரஸ்ஸைவிடச் சற்றுக் குறுகிய பிடி பலருக்குப் பொருந்தும்.

ஒலிம்பிக் எடைதூக்கும் வீரர்கள் தலைக்கு மேல் மணிக்கட்டைப் பின்னால் சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்து அதேபோலச் செய்ய வேண்டாம். அவர்கள் சிறுவயதிலிருந்து பல ஆண்டுகள் படிப்படியாகப் பழக்கிய கை அது. ராடைத் தலைக்குச் சற்றுப் பின்னால் சமநிலையில் நிறுத்த அவர்களுக்கு அந்தச் சாய்வு தேவை. உங்களுக்கும் எனக்கும் தேவையில்லை.

## ஸ்குவாட்: ராடைச் சுமப்பது முதுகு

ஸ்குவாட்டில் மணிக்கட்டு வலிக்கிறது என்றால், முதுகு சுமக்க வேண்டிய எடையில் ஒரு பங்கைக் கை சுமக்கிறது என்று பொருள். ராடு நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் கையின் வேலை.

1. ராடைக் கழுத்தின் பின்பக்க எலும்பின் மேல் வைக்காமல், அதற்குக் கீழே தோள்தசை திரண்டிருக்கும் மேட்டில் உட்கார வையுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்தால் அந்த மேடு நன்றாக எழும்பும்.
2. கைகளை ஒரு கை அகலம் வெளியே நகர்த்துங்கள். தோள் இறுகியிருப்பவர்கள் குறுகலாகப் பிடித்தால், தோள் சுழல மறுக்கும் அளவை மணிக்கட்டு மடிந்து ஈடுகட்டும். வலி அங்கிருந்துதான் வருகிறது.
3. கட்டைவிரலை ராடுக்கு மேலே, மற்ற விரல்களோடு வையுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் கூடவே கூடாது என்ற இந்தப் பிடி இங்கே நல்லது, ஏனென்றால் ராடு முதுகின் மேல் இருக்கிறது.
4. முழங்கையைப் பின்னால் தூக்காமல் தரையை நோக்கி இறக்குங்கள்.
5. வெறும் ராடுடன் ஸ்டாண்டுக்குள் நின்று விரல்களை ஒரு நொடி தளர்த்திப் பாருங்கள். ராடு அப்படியே முதுகில் நின்றால் இடம் சரி. கீழே சறுக்கப் பார்த்தால் கைதான் இதுவரை தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ராடை முன்தோளில் வைத்துச் செய்யும் ஃபிரன்ட் ஸ்குவாட்டிலும் இதே விதி. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கியது 179 கிலோ. அவ்வளவு எடையும் நடுவில் தங்குவது தோளின் முன்பக்கத் தசைமேட்டில்தான்; விரல்கள் ராடுக்கு அடியில் கொக்கியாக மட்டும் நிற்கும். நீங்களும் முழங்கையை முன்னால் உயர்த்தி, இரண்டு அல்லது மூன்று விரல்களை மட்டும் ராடுக்கு அடியில் விடுங்கள். அதுவும் வலித்தால் ராடில் இரண்டு துணிப்பட்டைகளை வளையமாக மாட்டி, அந்தப் பட்டைகளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளலாம். கைகளைக் குறுக்காகப் போட்டுப் பிடிப்பதும் ஒரு வழி. ஆனால் எடை கூடும்போது ராடு ஒரு பக்கம் சாயும், அதனால் பட்டை வளையமே பாதுகாப்பானது.

## பைசெப்ஸ் கர்ல், டம்பெல், டெட்லிஃப்ட்

நேரான ராடில் கர்ல் செய்யும்போது இரண்டு உள்ளங்கைகளும் முழுக்க மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும். எல்லோருடைய முன்கையும் அவ்வளவு சுழலாது. சுழலாத மீதியைச் சுண்டுவிரல் பக்கத்துக் குருத்தெலும்பு தாங்குகிறது. கர்ல் செய்யும்போது அந்தப் பக்கம் குத்தினால் வளைந்து வளைந்து இருக்கும் ராடுக்கு மாறுங்கள். பல ஜிம்களில் அதை இசட் பார் என்பார்கள். டம்பெல்லை, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்துச் செய்யும் ஹேமர் கர்ல் இன்னும் எளிது. எந்த ராடானாலும் மணிக்கட்டைச் சுருட்டித் தூக்காதீர்கள். இறக்கும்போது பின்னால் விழவும் விடாதீர்கள்.

டம்பெல்லில் பெரிய வசதி, கையை விரும்பிய கோணத்தில் திருப்பிக்கொள்ளலாம் என்பது. ராடில் பெஞ்ச் பிரஸ் வலித்தால், டம்பெல்லில் உள்ளங்கைகளைப் பாதி உள்பக்கம் திருப்பிச் செய்து பாருங்கள். ஆபத்து, செட் முடிந்து டம்பெல்லைக் கீழே வைக்கும்போது வருகிறது. படுத்தபடியே கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு முறுக்கி இறக்கினால் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து போகும். டம்பெல்லைத் தொடையின் மேல் வைத்து, எழுந்து உட்கார்ந்து, பிறகு தரையில் வையுங்கள்.

டெட்லிஃப்ட், ரோயிங் போன்ற இழுக்கும் பயிற்சிகளில் மணிக்கட்டு தொங்கிய நிலையில் இருப்பதால் வலி குறைவு. கையை நேராகக் கயிறு மாதிரி தொங்கவிட்டால் போதும். உள்பக்கம் மடக்கி இழுக்க வேண்டாம். பிடி நழுவுவதுதான் பிரச்சினை என்றால் ஜிம்மில் கைக்குத் தடவும் சாக்பொடியோ ஸ்ட்ராப்போ உதவும்.

கெட்டில்பெல் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே குறிப்பு: கைப்பிடி உள்ளங்கையில் சாய்வாகப் படியட்டும், குண்டு முன்கையின் வெளிப்பக்கம் மெதுவாக வந்து சாயட்டும். மேலே போகும்போது குண்டு புரண்டு முன்கையில் அடித்தால் எடையைக் குறைத்துப் பழகுங்கள்.

## தண்டாலும் புஷ் அப்பும்

ராடு இல்லாத இந்தப் பயிற்சிகளில்தான் மணிக்கட்டு அதிகம் மடிகிறது. தரையில் கை ஊன்றினால் கிட்டத்தட்ட 90 டிகிரி. தண்டாலில் உடம்பு முன்னால் பாய்ந்து எழும்போது தோள் கையைத் தாண்டிப் போகிறது. அந்த நொடியில் கோணம் இன்னும் கூடுகிறது. புஷ் அப் வலிக்காதவர்களுக்கும் தண்டால் வலிப்பது அதனால்தான்.

1. விரல்களை விரித்து, நடுவிரல் நேராகவோ சற்று வெளிப்பக்கமாகவோ இருக்கும்படி ஊன்றுங்கள்.
2. எடை முழுவதையும் உள்ளங்கை அடியில் போடாமல் விரல்நுனிகளாலும் தரையை அழுத்துங்கள். தரையை விரல்களால் பற்றுவதுபோல அழுத்தினால் முன்கைத் தசைகள் வேலை செய்யத் தொடங்கும்.
3. வலித்தால் கைப்பிடி உள்ள புஷ் அப் ஸ்டாண்டு வாங்குங்கள். அறுகோண டம்பெல்லையும் பிடித்துக்கொள்ளலாம். வட்ட டம்பெல் வேண்டாம். உருண்டு முகம் தரையில் மோதும்.
4. மெத்தை விரிப்பின் மேல் முஷ்டி ஊன்றிச் செய்யலாம். மணிக்கட்டு நேராக இருக்கும். ஆனால் கை பக்கவாட்டில் சரிந்தால் சுளுக்கும் என்பதால் முழங்கால் ஊன்றி ஆரம்பியுங்கள்.
5. தண்டாலை முழுதாக விட மனமில்லையென்றால் முன்னால் பாயும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கர்லாக்கட்டை சுழற்றுபவர்கள் இலகுவான கட்டையில் தொடங்கி, சுழற்சி தோளிலிருந்து வருகிறதா என்று ஆசானிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கனமான கட்டையை மணிக்கட்டால் நிறுத்த முயல்வது ஆபத்து.

## தொடங்கும் முன் 5 நிமிடம்

1. முஷ்டி மூடி, விரல்களை முழுக்க விரித்து, 20 முறை.
2. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மணிக்கட்டை இரு திசையிலும் 10 முறை சுழற்றுங்கள்.
3. கும்பிடும் நிலையில் உள்ளங்கைகளைச் சேர்த்து, அவை பிரியாதபடி கைகளை மெல்ல வயிற்றை நோக்கி இறக்குங்கள். 20 நொடி.
4. மேசையிலோ பெஞ்சிலோ உள்ளங்கையை ஊன்றி, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து மீளுங்கள். 10 முறை. பிறகு விரல்கள் உங்களை நோக்கி இருக்கும்படி திருப்பி இன்னொரு 10.
5. வெறும் ராடில் 2 செட்.

இழுப்பு தெரியலாம், வலி தெரியக் கூடாது. சூடாகாத மணிக்கட்டைச் சொடுக்கெடுத்துப் பார்ப்பது வார்ம் அப் ஆகாது.

## மணிக்கட்டை வலுவாக்க

வாரம் இரண்டு நாள், பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். பயிற்சிக்கு முன் செய்தால் களைத்த கையோடு ராடைப் பிடிக்க வேண்டிவரும்.

முன்கையைத் தொடையில் வைத்து, மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே நீண்டிருக்க, 1 அல்லது 2 கிலோ டம்பெல்லை மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். உள்ளங்கை மேலே பார்த்தபடி 15, கீழே பார்த்தபடி 15. அடுத்து டம்பெல்லின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாயும்படி முன்கையைச் சுழற்றுங்கள். கடைசியாக இரு கையிலும் டம்பெல்லைத் தொங்கவிட்டு நிமிர்ந்து 30 நொடி நடங்கள்.

வீட்டில் செய்ய ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. ஒரு வாளியில் கை மணிக்கட்டுக்கு மேல் புதையும் அளவுக்கு அரிசி நிரப்புங்கள். கையை உள்ளே விட்டு விரல்களை விரித்து மூடுங்கள், பிறகு இரு பக்கமும் திருகுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பிடிக்கும் பயிற்சிகளில் பெரும்பாலும் விரல்களை மடக்கும் தசைதான் வளர்கிறது. அரிசிக்குள் விரிக்கும்போது அவற்றை விரிக்கும் எதிர்ப்பக்கத் தசைக்கும் வேலை கிடைக்கிறது. எடைப் பயிற்சி செய்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். அந்த அரிசியைச் சமையலுக்குத் திரும்பக் கொட்டாமல் தனியே வையுங்கள்.

## பட்டை எப்போது, எப்படி

பிடி சரியாக இருந்து, எடையும் நன்றாக ஏறிய பிறகு, அன்றைய கடைசிக் கனமான செட்டுகளுக்கு மட்டும் பட்டை கட்டுங்கள். முதல் செட்டிலிருந்தே கட்டினால் பிடி எங்கே குலைகிறது என்று தெரியாமலே போய்விடும்.

1. கட்டைவிரல் வளையத்தை மாட்டி, பட்டையை மணிக்கட்டு மூட்டின் மேலேயே சுற்றுங்கள். பாதி கையிலும் பாதி முன்கையிலும் வர வேண்டும். கடிகாரம் கட்டும் இடத்தில் மட்டும் சுற்றினால் மூட்டு சுதந்திரமாக மடியும்; பட்டை கட்டியதில் பயனில்லை.
2. சுற்றும்போது கையை நேராக வைத்து விரல்களை மூடியிருங்கள்.
3. முடிந்ததும் கட்டைவிரலிலிருந்து வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.
4. செட் முடிந்த உடனே தளர்த்துங்கள். விரல்நுனி நிறம் மாறினாலோ மரத்தாலோ இறுக்கம் அதிகம்.

பவர்லிஃப்டிங் போட்டி எண்ணம் உள்ளவர்கள் வாங்கும்போதே அளவு பாருங்கள்: சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நீளம் 1 மீட்டரையும் அகலம் 8 செ.மீ.யையும் தாண்டக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் மிகவும் நெகிழும். கனமான எடைக்கு அது தாங்காது.

பாதுகாப்பு: தைலமோ வலிநிவாரணக் களிம்போ தடவி அதன் மேல் பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். தோல் வெந்துபோகும்.

## வலி வந்துவிட்டால்

1. செட்டை நிறுத்துங்கள். ராடைப் போட்டுவிடாமல் கொக்கியில் வையுங்கள், அல்லது உதவிக்குக் கூப்பிடுங்கள்.
2. எடையைப் பாதியாக்கி, பிடியைச் சரிசெய்து மறுபடி பாருங்கள்.
3. வலிக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? 3க்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அந்த எடையில் தொடரலாம். அதற்கு மேல் இருந்தாலோ, காலையில் பல் துலக்கும்போதும் வலித்தாலோ அந்தப் பயிற்சிக்கு இரண்டு வாரம் விடுமுறை. காலுக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகளை நிறுத்த வேண்டாம்.
4. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம்.
5. திரும்பும்போது பழைய எடையில் பாதியில் தொடங்கி, வாரத்துக்கு 10 சதவீதம் ஏற்றுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு அதே காயத்தின் மேல் எடை ஏற்றுகிறீர்கள்.

ஜிம்முக்கு வெளியே கை என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம் பைக் ஆக்சிலரேட்டரை மணிக்கட்டை மடக்கித் திருகுகிறவர்கள், கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்கள், முதலில் அதை மாற்றினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

## எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் சுரீரென்று வலித்தால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு இது அதிகம். பிரசவத்துக்குப் பின் எடைப் பயிற்சிக்குத் திரும்புகிறவர்கள் கவனியுங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால், முன்பு சொன்ன உள்ளங்கைப் பக்கச் சுரங்கத்துக்குள் நரம்பு நெரிபடலாம். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றில் இது வர வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் கட்டைவிரல் அடித்தசை மெலியும்.

நாற்காலியில் கை ஊன்றி எழும்போதோ கதவுக் குமிழைத் திருகும்போதோ சுண்டுவிரல் பக்கம் குத்தினால், அல்லது டக்கென்று சத்தத்தோடு வலித்தால், குருத்தெலும்பைச் சோதிக்க வேண்டும். புறங்கையில் சிறு கட்டி எழும்பினாலும் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாத நீர்க்கட்டியாக இருக்கும். யாரையும் அழுத்தி உடைக்க விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தெரியும் பள்ளத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால், அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவி உருவ விடாதீர்கள். அந்தப் பள்ளத்துக்கு அடியில் இருக்கும் சிறிய எலும்பு உடைந்திருக்கக்கூடும். அதற்கு ரத்த ஓட்டம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்தே வருவதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமலும் இருக்கலாம். அதனால் மருத்துவர்கள் கட்டுப் போட்டு அனுப்பி, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், அல்லது ஸ்கேன் எழுதுவார்கள். "முதல் படத்தில் ஒன்றுமில்லை" என்று அந்த இரண்டாவது படத்தைத் தவிர்க்காதீர்கள். எலும்பு உடையவில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகு ராடைத் தொடுங்கள். அதுவரை அந்தக் கையில் எந்த எடையும் வேண்டாம்.